நாக்குக்குக் காட்டிய தண்ணீர்

மூன்று வருஷம் அவளுக்கு அடுத்த பலகையில் நின்றேன். அந்த மூன்று வருஷத்தில் வேலை நேரத்தில் அவளுடைய வலது கை தோளுக்கு மேலே போய் நான் பார்த்ததில்லை. வலைத்தொப்பி நழுவினால்கூட தலையைக் குனிந்து கைக்குக் கொண்டுவருவாளே தவிர, கையைத் தலைக்குக் கொண்டுபோக மாட்டாள்.

எங்கள் லைனில் கை தூக்கினால் ஒரே ஒரு அர்த்தம்தான். எனக்குப் பதிலாக ஆள் வேண்டும்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனி அது. ஆள் நீளப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும். பலகை முழுக்க ஆணிகள். ஆணிகளின் நடுவே சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒயரை ஓட்டி, டேப் சுற்றி, கிளிப் மாட்டி, பக்கத்தில் நிற்பவளுக்கு விடவேண்டும். ஒரு காரைப் பிரித்துப் போட்டால் உள்ளே நரம்பு நரம்பாக ஓடுமே, அதெல்லாம் எங்கள் விரல்களில் பிறந்து போனதுதான். பலகை நிற்காது. பாத்ரூம் போகவேண்டுமென்றால் வலது கையை நேராக, முழங்கை மடங்காமல், உள்ளங்கை முன்னால் தெரியும்படி தூக்கவேண்டும். சூப்பர்வைசர் பார்ப்பார். பச்சைத் தொப்பி போட்ட ரிலீவர் வருவாள். அவள் வந்து பலகையில் கை வைத்த பிறகுதான் நீ காலை எடுக்கலாம். முப்பது பேருக்கு ஒரு பச்சைத் தொப்பி. நீ திரும்பி வரும்வரை சூப்பர்வைசர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே ஷிஃப்டில் இரண்டாவது தடவை கை தூக்கினவளிடம், "இன்னாம்மா, சுகர் கீதா?" என்பார். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். சிரிக்காதவளைத்தான் அடுத்துக் கேட்பார்.

அவளை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

இடைவேளையில் போகலாமே என்று தோன்றும். பத்து நிமிஷ இடைவேளை, ஆறு கதவு, கதவு ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஷூ கழற்றாத பெண்களின் வரிசை, வால்போல. வாலில் நின்றவள் மணி அடித்ததும் போகாமலே திரும்பி ஓடிவருவாள். அதனால் அவள் தண்ணீர் குடிப்பதையே வேரோடு வெட்டிவிட்டாள். காலையில் பஸ் ஏறும் முன் ஒரு வாய். மதியம் சாப்பிட்ட பின் ஒரு வாய். நடுவில் தொண்டை காய்ந்தால் டம்ளரிலிருந்து கொஞ்சம் வாயில் ஊற்றுவாள். ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு உருட்டுவாள். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே வைத்திருப்பாள். எங்கேயோ மழை பெய்வதைக் கேட்பதுபோல இருக்கும் அந்த முகம். பிறகு வாஷ்பேசினில் துப்பிவிடுவாள்.

"நாக்குக்குக் காட்டுனாப் போதும்ட்டி," என்பாள். "அது நம்பிரும்."

தென்காசிப் பக்கத்துப் பேச்சு. எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவள். தண்டலத்துப் பக்கம் இருந்த ஹாஸ்டலில் ஒரே அறையில் நாலு கட்டில். எல்லோருக்கும் அவள் அக்கா. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு வருஷம் முழுக்க லைனை விட்டு நகராதவள் என்று ஆயுத பூஜையன்று மேடைக்குக் கூப்பிட்டு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். ஹாஸ்டல் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. கடிகாரம் அட்டைப்பெட்டிக்குள்ளேயே, கட்டிலுக்கு அடியில், டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் ஸ்டெல்லா பேட்டரியைப் பிடுங்கினாள்.

ஸ்டெல்லா இருங்காட்டுக்கோட்டைக்காரி. வீடு ஒரு பஸ் தூரத்தில் இருந்தும், அப்பாவின் குடிக்குப் பயந்து ஹாஸ்டலில் இருந்தாள். நாலாவது கட்டில் ஜெயந்தி, போளூர்ப் பக்கம். அவள்தான் மலையைப் பற்றிப் பேச்செடுத்தது. எங்க வூட்டு வாசல்ல நின்னா பருவதமலை தெரியும், செங்குத்தா நிக்கும், சங்கிலியைப் புடிச்சிகினுதான் ஏறணும், உச்சியில சாமி கீது, நம்ம கையாலயே தண்ணி ஊத்தலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்.

மொட்டை மாடியிலிருந்து நாங்கள் பார்ப்பது வேறு. வரிசை வரிசையாக வெயிலில் நிற்கும் புதுக் கார்கள். கண்டெய்னர் லாரிகள். ஆகாயத்தாமரை மூடிய ஏரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டையான நிலம். கண் போய் முட்டிக்கொள்ள ஓர் இடமில்லை. அக்கா கொடியில் கிளிப்பை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். தென்காசிப் பக்கம் அவளுடைய ஊரும் ஒரு மலைக்குக் கீழேதான். வீட்டுக் கதவைத் திறந்தால் மேற்கே முழுவதும் மலை. மழை அங்கே கிளம்பி இங்கே வருவதை வாசலில் உட்கார்ந்தபடி பார்க்கலாமாம். அண்ணன்மார் போனார்கள், அண்ணன்மாரின் கூட்டாளிகள் போனார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்றார்கள். முப்பது வருஷம் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது என்றாள். அடுத்த வைகாசிக்குள் ஒரு கல்யாணம் முடிவாகும்போல இருந்தது. பையனுக்கு இரண்டாம் தாரம். அதைச் சொல்லும்போது அவளுக்குக் குரல் மாறவில்லை. மலையைச் சொல்லும்போதுதான் மாறியது.

"ஒரே ஒரு தடவை மேல நின்னு கீழ பாத்துரணும்ட்டி. எல்லாரும் இம்புட்டுக்காண்டு தெரிவாங்கள்லா, அதைப் பாக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் வேண்டும் என்று சொல்லிக் கேட்டது அது ஒன்றுதான்.

தை மாதத்தில் ஒரு சனி ஞாயிறு என்று முடிவானது. சனிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து போளூர் பஸ். ராத்திரி ஜெயந்தி வீடு. விடியும்போது ஏற்றம். ஞாயிறு இரவு எட்டரைக்குள் ஹாஸ்டல் கதவு, இல்லையென்றால் வார்டன் வீட்டுக்குப் போன் போடுவார். திங்கள் காலை லைன். ஒன்றரை நாளுக்குள் ஒரு மலையைச் செருகவேண்டும்.

அவள் தயாரானதைப் போல யாரும் எதற்கும் தயாராகி நான் பார்த்ததில்லை. ஹாஸ்டலில் லிஃப்ட் கிடையாது. குடிதண்ணீர் கேன் வாசலோடு இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். மேலே தூக்குவது யார் என்று தினமும் சண்டை. அந்த மாதம் சண்டையே இல்லை. மூன்று மாடிக்கும் அவள்தான் தூக்கினாள். இருபது லிட்டர் கேன் தோளில் தளும்ப, படியில் மூச்சு வாங்க, "மலைக்குப் பழகுதேன்" என்று வழிவிடச் சொல்லிக்கொண்டு ஏறுவாள். அவள் தூக்கி வந்த தண்ணீரை ஹாஸ்டலே குடித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் குன்றத்தூர் மலைக்கோயில். படி எண்பது சொச்சம்தான். "இதுவாட்டி மலை? இது கல்லுல்லா," என்று சிரித்தாள். ஆனாலும் பத்து தடவை ஏறி இறங்கவைத்தாள். ஸ்டெல்லா நாலாவது தடவையிலேயே கீழே பூக்கடை நிழலில் உட்கார்ந்துவிட்டாள். வேதக்காரப் பெண் இத்தனை தடவை முருகனைப் பார்த்தால் பாதிரியார் திட்டுவார் என்றாள்.

இன்னொரு பயிற்சியும் நடந்தது. அதை இப்போது எழுதும்போது என் கை கூசுகிறது. மலையில் ஆண்கள் கூட்டம் மொய்க்கும், ஒதுங்க இடம் கிடையாது, அதனால் இப்போதிருந்தே தண்ணீரைக் குறைத்துப் பழகுங்கள் என்றாள். லைனில் மிஞ்சிய கறுப்பு டேப்பைக் கொண்டுவந்து எங்கள் பாட்டில்களில் சுற்றினாள். முதல் வாரம் இந்தக் கோடு வரை குடிக்கலாம். அடுத்த வாரம் இந்தக் கோடு. டேப் இறங்கிக்கொண்டே வந்தது.

"இன்னாக்கா இது," என்றாள் ஸ்டெல்லா. "ஒட்டகத்துக்கா டிரெயினிங் குடுக்குற?"

"ஒட்டகம்லாம் குடிச்சு வச்சிக்கிடும்ட்டி. நமக்கு அந்தக் கொடுப்பினையும் கெடையாது."

சிரித்தோம். ஒருத்திக்குக்கூட அது தப்பென்று தோன்றவில்லை. வேறு எந்தப் பெண்களும் மலைக்கு இப்படித் தயாராகியிருக்க மாட்டார்கள். எங்களுக்கு அது புத்திசாலித்தனமாகப் பட்டது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே அடக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு மலை எம்மாத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை வெளுக்கும்போது அடிவாரத்தில் இருந்தோம். தோள்பையில் அவள் இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று வைத்திருந்தாள், கடையில் வாங்கியது, மூடி சீல் உடையாதது. நாலு பேருக்கும் அதுதான். அவசரத்துக்கு மட்டும் என்றாள். முதலில் படிக்கட்டு. பிறகு மரங்களுக்குள்ளே கல்லும் வேருமாக ஒற்றையடிப் பாதை. அவள்தான் முன்னால். புடவையை இழுத்துச் செருகி, லைன் ஷூவோடு, திரும்பித் திரும்பி எங்களைக் கேலி செய்துகொண்டு. முகத்தில் இருபது வயது. அவள் பாட்டு முணுமுணுத்து அன்றுதான் கேட்டேன்.

பாதி வழியில் ஒரு பெண் மோர் விற்றுக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா எங்களைக் கேட்காமல் இரண்டு டம்ளர் வாங்கி மடமடவென்று குடித்தாள். அக்கா முறைத்தாள். அரை மணியில் ஸ்டெல்லா நெளிய ஆரம்பித்தாள். முன்னும் பின்னும் ஆண்கள். அக்காவுக்குப் பதறிவிட்டது. நாங்கள் பதறவில்லை, அவள்தான் பதறினாள். பாதையை விட்டு இறங்கினால் ஒரு பெரிய பாறை. துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு நாங்கள் முதுகு காட்டி நின்றோம். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஸ்டெல்லா பாவாடையை உதறிக்கொண்டு வந்தாள்.

"அவ்ளோதான்க்கா. மலை இன்னா, சூப்பர்வைசர் வச்சிகினா கீது?"

ஜெயந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றாள், யாரோ தெரிந்தவர் அங்கே உட்கார்ந்திருப்பதுபோல.

"அம்புட்டுத்தானாட்டி?" என்றாள்.

பாட்டிலை எடுத்து நீட்டினேன். இனியாவது ஒரு வாய் குடி அக்கா என்றேன். இன்னும் கொஞ்ச தூரம் போயிருவோம் என்று பையில் வைத்துவிட்டாள். அவளுக்குத் தாகம் என்பதே மறந்துபோயிருந்தது. பசியை மறக்கலாம், ஆளை மறக்கலாம். தாகத்தை மறந்த உடம்பை அன்று வெளிச்சத்தில் பார்த்தேன். உதட்டோரம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. வெயிலில் எங்களுக்கெல்லாம் வேர்வை கொட்டியது. அவளுக்கு நெற்றி காய்ந்து கிடந்தது.

காடு முடிந்து மொட்டைப் பாறை ஆரம்பிக்கும் இடத்தில் இரும்புக் கம்பிகள் அடித்திருந்தார்கள், கால் வைக்க. பக்கத்தில் சங்கிலி. அங்கே அவள் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிக்கொண்டன. ஓரமாக ஒரு நிழலில் உட்காரவைத்தோம். வாந்தி வருவதுபோல ஓங்கரித்தாள், ஒன்றும் வரவில்லை. மணி பதினொன்று. இறங்கிப் பஸ் பிடித்து எட்டரைக்குள் கதவுக்குப் போகவேண்டும். ஜெயந்தியும் ஸ்டெல்லாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவளே சொன்னாள்.

"நீங்க ஏறுங்கட்டி. செத்த இருந்துட்டு நான் பின்னாலயே வாரேன்."

மூடியைத் திறந்து குடி என்று பாட்டிலை மடியில் வைத்துவிட்டு ஏறினோம். அவர்கள் இருவரும் முன்னால் போய்விட்டார்கள். நான் கடைசி. பத்து இருபது கம்பி ஏறி, பாறை வளையும் இடத்தில், சங்கிலியைப் பிடித்தபடி கீழே பார்த்தேன்.

அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை மேலே இருந்தது. நேராக. முழங்கை மடங்காமல். உள்ளங்கை என்னைப் பார்க்க.

டாட்டா காட்டினாள் என்று நினைத்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை. டாட்டா காட்டுகிற கை ஆடும். அது ஆடவில்லை. அந்தக் கை எனக்கு எழுத்தைவிட நன்றாகத் தெரிந்த பாஷை. மூன்று வருஷத்தில் முதல் தடவை அவள் ஆள் கேட்கிறாள். மலை முழுக்கச் சனம் இருந்தது. அந்தக் கையைப் படிக்கத் தெரிந்தவள் அந்த நேரத்தில் நான் ஒருத்திதான்.

இறங்க வழியில்லை என்று சொல்லமாட்டேன். இறங்குகிறவர்கள் எனக்குப் பக்கத்திலேயே இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேலே இருபது நிமிஷம் என்றார் ஒருவர். இருபது நிமிஷம் ஏற, இருபது நிமிஷம் இறங்க. எட்டு மணி நேரம் அடக்குகிறவள் நாற்பது நிமிஷம் அடக்கமாட்டாளா என்று ஒரு கணக்கு எனக்குள் ஓடியது. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் சூப்பர்வைசரின் குரலில் ஓடியது என்று எனக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த கம்பியில் கால் வைத்தேன்.

உச்சியில் அவரவர் கையால் சாமிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். எனக்கும் ஒரு சொம்பு கிடைத்தது. கல்லின் தலையில் ஊற்றினேன். அது குடித்ததா என்று பார்க்காமல் வெளியே வந்தேன். பனி விலகி, எல்லாப் பக்கமும் திறந்து கிடந்தது.

திரும்பி வந்தபோது அதே நிழலில் இருந்தாள். கை மடியில் இருந்தது. பாட்டில் பக்கத்தில். சீல் உடையவில்லை.

எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றாள். "மேலேருந்து என்னட்டி தெரிஞ்சுச்சு?"

ஜெயந்தி வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "ஒண்ணும் தெரியலக்கா. ஒரே பனி."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்பச் சரி," என்றாள்.

பாட்டிலின் சீலை உடைத்து அவள் வாயில் ஊற்றினேன். கன்னத்துக்குக் கன்னம் உருட்டினாள். பழக்கம். துப்பிவிட்டாள்.

ஆளுக்கொரு தோள் கொடுத்து இறக்கினோம். எட்டு இருபதுக்கு ஹாஸ்டல் கதவு. அந்தக் கையைப் பற்றி அவள் கேட்கவில்லை. திங்கள் காலை ஆறு மணிக்கு அவள் இடத்தில் நின்றாள். செவ்வாயும் நின்றாள், முகம் ஊதியிருந்தது. புதன்கிழமை என் முன்னால் ஒரு பலகை வந்தது. அதில் அவள் ஓட்டவேண்டிய ஒயர் ஒன்றுகூட இல்லை, அந்த இடத்தில் ஆணிகள் மட்டும் இருந்தன. திரும்பினேன். தரையில் கிடந்தாள். யாரும் அவளைத் தொடுவதற்கு முன்னால் பச்சைத் தொப்பிக்காரி ஓடிவந்து பலகையில் கை வைத்தாள். லைன் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டார். ஷிஃப்டுக்கு ரெண்டு வாய் என்றாள், கடிகாரம் வாங்கிய அன்று மேடையில் நின்ற அதே முகத்தோடு. எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. வெளியே அழைத்து என்னிடம் சொன்னார்: இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன, இது ஒரு நாளில் ஆனதில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த ஒரு நாளும் அதில் சேர்த்தியா என்று கேட்கவில்லை. இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

அண்ணன் வந்து ரயிலில் கூட்டிப்போனார். வைகாசி வந்தது, கல்யாணம் வரவில்லை. கடிகாரம் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது. குன்றத்தூரில் நான் இருக்கும் வாடகை வீட்டிலும் ஆணி அடிக்க விடவில்லை.

ஒரு வருஷம் கழித்துப் போனில் கிடைத்தாள். வாரத்துக்கு இரண்டு தடவை மெஷினில் படுக்கவைக்கிறார்களாம். குரல் மெலிந்து, நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. உள்ளே போனது வெளியே வராது என்பதால், நாளைக்கு அரை லிட்டர்தான் தண்ணீர் என்று டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அண்ணி அளந்து ஊற்றுகிறாள். பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறாளாம்.

"இப்பதான்ட்டி தாகம் எடுக்கு," என்றாள். "இத்தனை வருசத்துத் தாகமும் சேந்து எடுக்கு. நாக்குக்குக் காட்டுதேன். நம்ப மாட்டேங்குது."

பிறகு அவளே கேட்டாள், அன்று பாறையடியில் கேட்ட அதே கேள்வியை.

"மேலேருந்து என்ன தெரிஞ்சுச்சு? இன்னைக்காவது நெசத்தைச் சொல்லு."

சொன்னேன். கிழக்கே ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, வெயில் பட்டுத் தகடு தகடாக. மேற்கே ஜவ்வாது மலை, நீலமாக, மடிப்பு மடிப்பாக. ரோட்டில் ஒரு பஸ் ஊர்ந்தது, தீப்பெட்டி அளவுக்கு. கரும்புத் தோட்டத்தில் தலையில் கட்டோடு ஒரு ஆள், எறும்பு. நாங்கள் ஏறி வந்த காடு கைக்குட்டை அளவு. தூரத்தில் தனியாக நின்ற திருவண்ணாமலை மலையைச் சொன்னேன். கால் தரையில் இல்லாததுபோல இருந்ததைச் சொன்னேன். பார்க்காததையும் சேர்த்துச் சொன்னேன். கையைப் பார்த்தேன் என்பதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். எல்லாவற்றையும் அவளுக்குக் காட்டிவிட்டு அதைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

"அக்கா," என்றேன். "அன்னைக்கு நீ..."

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம். பிறகு வேறொரு பெண்ணின் குரல், அண்ணியாக இருக்கவேண்டும்.

"அவ அப்பவே கண்ணசந்துட்டாளே. போன் நெஞ்சு மேல கெடக்கு. இவ்வளவு நேரமா நீங்க யார்ட்ட பேசிட்டு இருக்கீய?"